முயிஸ்கா மக்களின் பொன்னும் பானையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயிஸ்கா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 'எல் டொராடோ' என்ற பொன்மனிதன் கதைதான். அந்தக் கதைக்குப் பின்னால் உப்புக் காய்ச்சியவர்கள், பானை வனைந்தவர்கள், மெழுகு உருட்டியவர்கள் என்று ஒரு முழுச் சமூகம் இருக்கிறது. அவர்களுடைய பொன்வேலையைப் புரிந்துகொள்ளப் பானையிலிருந்து தொடங்குவதே சரியான வழி. கீழே உள்ள பதில்கள் அந்த வழியில்தான் செல்கின்றன.

முயிஸ்கா மக்கள் யார்? எங்கே, எப்போது வாழ்ந்தார்கள்?

இன்றைய கொலம்பியாவில், ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குக் கிளையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் பரந்த சமவெளிகள் இருக்கின்றன. பொகோட்டாவும் துன்ஹாவும் அங்கேதான் உள்ளன. சிப்சா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசிய முயிஸ்கா மக்களின் நிலம் இதுதான். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, கீன்வா பயிரிட்டார்கள். வீடுகளை மரத்தாலும் மண்ணாலும் ஓலையாலும் கட்டினார்கள். கல் கோட்டையோ பிரமிடோ கட்டவில்லை. அதனால் தரைக்கு மேல் பார்க்க இன்று அதிகம் எதுவும் இல்லை, மண்ணுக்குள்தான் எல்லாம்.

இவர்களுக்கு முந்தைய பானை மரபை ஆய்வாளர்கள் எர்ரேரா காலம் என்கிறார்கள். முயிஸ்கா காலத்தின் முற்பகுதி ஏறத்தாழ கி.பி. 1000 முதல் 1200 வரை, பிற்பகுதி 1200 முதல் 1600 வரை. அந்தப் பகுதியில் பொன்வேலை இதற்கும் முன்பே, கி.பி. 600 வாக்கில் தொடங்கிவிட்டது. ஸ்பானியர் வந்தது 1537இல்.

அது பேரரசா, சிற்றரசா?

இன்கா போலப் பேரரசு அல்ல. தலைவன் கீழ் ஓர் ஊர்க்கூட்டம், அப்படிப்பட்ட பல கூட்டங்களுக்கு மேலே ஒரு பெருந்தலைவன் என்ற அமைப்பு. 1537இல் நான்கு பெருந்தலைமைகள் இருந்தன. தெற்கே பக்காட்டாவில் சிப்பா, வடக்கே ஹுன்சாவில் (இன்றைய துன்ஹா) சாக்கே, சூரியக் கோயில் இருந்த சோகமோசோவில் ஒரு சமயத் தலைவர், துய்தாமாவில் துந்தாமா. சிப்பா, சாக்கே, துந்தாமா என்பவை பட்டப்பெயர்கள். இவர்களுக்குள் போரும் உண்டு, உறவும் உண்டு. தலைவனுக்குப் பின் பட்டம் அவன் மகனுக்குப் போகாது. அக்காள் தங்கை மகனுக்கு, அதாவது மருமகனுக்குத்தான் போகும்.

ஸ்பானியக் குறிப்புகள் இவர்களை அரசர், சிற்றரசர் என்றே எழுதுகின்றன. அது ஐரோப்பியக் கண்ணில் பட்ட தோற்றம். ஊர்த் தலைவர்களுக்குக் கணிசமான தன்னுரிமை இருந்தது என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. மக்கள் தலைவனுக்குத் துணியும் பொன்னும் உழைப்பும் கொடுத்தார்கள். தலைவன் திருவிழாவில் உணவும் சிச்சா என்ற மக்காச்சோளக் கள்ளும் கொடுத்தான். அத்தனை பேருக்கும் கள் கொடுக்கப் பெரிய பானைகள் தேவைப்பட்டன. பெரும்பானைத் துண்டுகள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் அங்கே விருந்து வைக்கும் வசதியுள்ள வீடு இருந்திருக்கலாம் என்று அகழ்வாய்வாளர் ஊகிப்பது இதனால்தான்.

இவ்வளவு பொன் செய்தவர்கள் நிலத்தில் பொன் விளைந்ததா?

இல்லை. சமவெளியில் சொல்லிக்கொள்ளும்படியான பொன் கிடையாது. மக்தலேனா ஆற்றுப் பள்ளத்தாக்கு போன்ற வெப்பத் தாழ்நிலங்களில் ஆற்று மணலில் பொன் எடுத்த மக்களிடமிருந்து பண்டமாற்றாக வந்தது. பதிலுக்கு முயிஸ்காக்கள் கொடுத்தவை மூன்று: உப்பு, பருத்திப் போர்வை, மரகதம். மரகதம் சொமொந்தோகோ பகுதியில், இன்று சிவோர் என்று அறியப்படும் சுரங்கப் பக்கம், கிடைத்தது. பருத்தி குளிர் நிலத்தில் விளையாது. பஞ்சைத் தாழ்நிலத்திலிருந்து வாங்கி நெய்து, துணியாக விற்றார்கள்.

இந்த மூன்றில் எடை மிகுந்ததும் எல்லாருக்கும் வேண்டியதும் உப்புதான். தாழ்நிலத்து மக்களுக்கு உப்பு அரிது. உப்பு ஊற்றுகள் இருந்ததால்தான் பொன் மலை ஏறி வந்தது.

உப்பு எப்படி எடுத்தார்கள்? அதற்கும் பானைக்கும் என்ன தொடர்பு?

சிப்பாகிரா, நெமொகோன், தௌசா ஆகிய மூன்று இடங்களில் உப்பு நீர் ஊற்றுகள் உண்டு. மலையைக் குடைந்து பாறை உப்பு வெட்டியது பிற்காலத்தில். முயிஸ்காக்கள் ஊற்று நீரைக் காய்ச்சினார்கள்.

வேலை இப்படி நடந்தது. பெரிய பானைகளை நெருப்பின் மேல் வரிசையாக வைத்து உப்பு நீரை ஊற்றுவார்கள். நீர் வற்ற வற்ற மேலும் ஊற்றுவார்கள். நாள்கணக்கில் இது நடக்கும். உப்பு அடியிலிருந்தும் சுவரிலிருந்தும் படிந்து வந்து கடைசியில் பானை முழுதும் ஒரே கட்டியாகிவிடும். அந்தக் கட்டி பானைச் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் வெளியே எடுக்க வழியில்லை. பானையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஓர் உப்புக் கட்டிக்கு ஒரு பானை செலவு.

இதன் விளைவை மண்ணிலேயே பார்க்கலாம். இந்த ஊற்றுகளைச் சுற்றி ஓட்டுச் சில்லுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. 1970களில் மரியான் கார்டாலே என்ற தொல்லியலாளர் இந்த இடங்களைத் தோண்டி, எர்ரேரா காலத்திலேயே உப்புக் காய்ச்சுதல் தொடங்கிவிட்டதைக் காட்டினார். உப்புப் பானை அழகுக்காகச் செய்யப்பட்டதல்ல. தடித்த சுவர், அலங்காரம் இல்லாத மேற்பரப்பு, அவசரமாகச் செய்த விளிம்பு. ஆனால் அந்தப் பானை இல்லையென்றால் உப்பு இல்லை, உப்பு இல்லையென்றால் பொன் இல்லை. அருங்காட்சியகங்களில் இந்தச் சில்லுகளுக்கு ஒரு மூலைதான் கிடைக்கிறது. அவற்றுக்கு முதல் அறையைக் கொடுத்தால்கூடத் தகும்.

சக்கரம் இல்லாமல் பானை வனைந்தது எப்படி?

கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவில் எங்குமே குயவர் சக்கரம் கிடையாது. முயிஸ்கா குயவர்கள் களிமண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளும் புறமும் தேய்த்து இணைத்தார்கள். அடிப்பகுதியைக் கையால் தட்டி உருவாக்கினார்கள்.

வெறும் களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கும். அதைத் தடுக்க ஏதாவது கலக்க வேண்டும். முயிஸ்கா பானைகளில் அடிக்கடி காணப்படும் கலவை ஓட்டுத்தூள், அதாவது பழைய பானையை இடித்த தூள். இது நல்ல தேர்வு. ஒருமுறை சுட்ட மண் என்பதால் மறுபடி சுருங்காது. சூட்டில் சுற்றியுள்ள களிமண்ணைப் போலவே விரியும் என்பதால் உள்ளே விரிசல் விடாது. பொதுவாகக் கையால் வனையும் குயவர்கள் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இத்தகைய கலவை சேர்ப்பதுண்டு. குறைந்தால் வெடிக்கும்; கூடினால் மண் ஒட்டாமல் வளையம் பிரியும்.

சூளை கட்டாமல் திறந்த நெருப்பில் சுட்டார்கள். பானை மேல் விறகையும் புல்லையும் அடுக்கிக் கொளுத்துவது. இதில் சூடு பெரும்பாலும் 600 முதல் 800 டிகிரிக்குள் நிற்கும். தவறு நேரும் இடங்கள் மூன்று. ஈரம் முழுதும் போகாமல் நெருப்பில் வைத்தால் நீராவி அழுத்தத்தில் அடிப்பகுதி தெறிக்கும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் மண் வெவ்வேறு ஈரத்தில் இருந்தால் அங்கேயே வளையமாக விரிசல் ஓடும். களிமண்ணில் சுண்ணாம்புக் கல் துணுக்கு இருந்து, சூடு 800 டிகிரியை நெருங்கிவிட்டால், அது சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்துப் பருத்து, சில நாள்களில் பானையின் மேற்பரப்பைப் பொட்டுப் பொட்டாகப் பெயர்த்துவிடும்.

எந்தெந்த வகைப் பானைகள் கிடைக்கின்றன?

மிக எளிதில் அடையாளம் தெரிவது முகுரா. உருண்டை உடல், நீண்டு ஒடுங்கிய கழுத்து, கழுத்திலிருந்து தோளுக்கு ஒரு கைப்பிடி. தண்ணீருக்கும் கள்ளுக்கும் பயன்பட்டது. கழுத்தில் ஒரு மனித முகம் ஒட்டப்பட்டிருப்பது வழக்கம். கண்கள் நடுவில் கீறிய காப்பிக்கொட்டை வடிவில் இருக்கும். மூக்கு மேடாக, சில நேரம் கழுத்தணியோடும் இருக்கும். இது தவிர உயர்ந்த தண்டுள்ள கிண்ணங்கள், இரு கைப்பிடிச் சட்டிகள், கள் புளிக்கவைக்கும் பெரிய மிடாக்கள், சமையல் பானைகள் உண்டு. நல்ல பாண்டங்களில் வெளிர் பூச்சின் மேல் சிவப்பு அல்லது பழுப்பு வண்ணத்தில் முக்கோணம், வட்டம், சுருள் வரைந்திருப்பார்கள். தவளையும் பாம்பும் அடிக்கடி வரும்.

ராக்கிரா, தின்ஹாகா பகுதியை ஸ்பானியர் குயவர் ஊர் என்றே குறித்தார்கள். ராக்கிராவில் இன்றும் பானைத் தொழில்தான் முதன்மை.

துன்ஹோ என்பது என்ன?

காணிக்கையாகக் கொடுக்கச் செய்த சிறு உலோக உருவம். பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும். உடல் ஒரு மெல்லிய தட்டையான தகடு. நீண்ட முக்கோணம் போல இருக்கும். அதன் மேல் கண், வாய், கை, அணிகலன் எல்லாம் நூல் போன்ற கம்பிகளால் வரையப்பட்டிருக்கும். ஈட்டியும் எறிகோலும் ஏந்திய ஆண், குழந்தையை ஏந்திய பெண், தொட்டிலில் கிடக்கும் குழந்தை, கொக்கா இலையோடு சேர்த்து மெல்லும் சுண்ணாம்பை வைக்கும் குடுவையுடன் ஒருவர் என்று பல வகை. மனிதர் மட்டுமல்ல, பாம்பு, பறவை, புலி இனம், தலைவன் வீட்டைச் சுற்றிய வேலி கூட உருவமாக வார்க்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கம்பிகளைப் பார்த்தால் தகட்டின் மேல் பற்றவைத்தவை போலத் தோன்றும். அப்படி அல்ல. பற்றாசு எங்குமே இல்லை. தகடும் கம்பியும் ஒரே வார்ப்பில் வந்தவை. கம்பி வேலை முழுதும் மெழுகில் நடந்தது.

வார்ப்பு முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

முதலில் மெழுகு. ஐரோப்பியத் தேனீ அப்போது அமெரிக்காவில் இல்லை. கொட்டாத உள்ளூர்த் தேனீக்களின் மெழுகுதான். அதில் மரப்பிசின் சேர்த்தால் இறுகும், வடிவம் நிற்கும். மெழுகைத் தட்டையான பரப்பில் மெல்லிய தகடாகப் பரப்பி உடல் வடிவில் வெட்டுவார்கள். இன்னொரு துண்டை இரண்டு தட்டைப் பரப்புகளுக்கு நடுவே உருட்டி நூலாக்குவார்கள். நூலைத் தேவையான நீளத்துக்கு நறுக்கித் தகட்டின் மேல் வைத்து லேசாக அழுத்துவார்கள். மெழுகு அதிகம் சூடாக இருந்தால் நூல் தட்டையாகிவிடும், ஆறிவிட்டால் ஒட்டாது. துன்ஹோக்களில் நூல் முனைகள் சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்பதும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதும் இந்தக் கட்டத்தின் தடயங்கள்.

அடுத்தது உலோகம் ஊற்றும் வழி. புனல் போன்ற மெழுகுக் கூம்பைப் பெரும்பாலும் பாதத்தின் பக்கம் இணைத்தார்கள். ஊற்றும்போது உருவம் தலைகீழாக நிற்கும். உலோகம் பாதத்தில் நுழைந்து தலைக்குப் போகும்.

பிறகு அச்சு. மிக நுண்ணிய களிமண்ணும் அரைத்த கரித்தூளும் கலந்த குழம்பை முதல் பூச்சாகப் பூச வேண்டும். மெழுகின் ஒவ்வொரு நூலின் இடுக்கிலும் அது புக வேண்டும். இங்கே ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் உலோகம் புகுந்து உருவத்தின் மேல் ஒரு சிறு மணியாக நிற்கும். அதன் மேல் கரடான மண் பூச்சு, தடிமனாக. கரித்தூள் இரண்டு வேலை செய்கிறது: அச்சில் நுண்துளைகளை உண்டாக்கிக் காற்று வெளியேற வழிவிடுகிறது, செம்பு கலந்த உலோகம் ஆக்சிஜனோடு சேராமலும் காக்கிறது.

அச்சை நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். விரிசலில் உலோகம் பாய்ந்து துடுப்பு போல ஒரு மெல்லிய தகடாக உறையும். உலர்ந்த அச்சைச் சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, மேலும் சூடேற்றிச் சுட வேண்டும்.

கடைசியாக உருக்குதல். மூசை என்ற களிமண் உருக்குக் கிண்ணத்தில் உலோகத்தைப் போட்டுக் கரி நெருப்பில் வைத்து, பலர் சேர்ந்து ஊதுகுழலால் ஊதுவார்கள். துருத்தி கிடையாது, குழலின் நுனியில் சுட்ட மண் மூக்கு இருக்கும், நெருப்பில் எரியாமல். அச்சு சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். இதுதான் முக்கியமான கட்டம். தகடு அவ்வளவு மெல்லியது என்பதால், அச்சு ஆறியிருந்தால் உலோகம் பாதி வழியிலேயே உறைந்துவிடும். தலையோ கையோ இல்லாமல் வந்த துன்ஹோக்கள் பல இப்படி ஆனவையே. ஆறியபின் அச்சை உடைத்து உருவத்தை எடுப்பார்கள். அதே அச்சில் இரண்டாவது உருவம் கிடையாது.

ஒரு துன்ஹோவுக்கு எவ்வளவு உலோகம் வேண்டும் என்று எப்படித் தெரியும்?

மெழுகை எடை பார்த்தால் போதும். மெழுகின் அடர்த்தி சுமார் 0.96, எடையில் 80 பங்கு பொன்னும் 20 பங்கு செம்பும் சேர்ந்த கலவையின் அடர்த்தி சுமார் 15.7. ஆக, 1 கிராம் மெழுகுக்கு ஏறத்தாழ 16 கிராம் உலோகம். 2 கிராம் மெழுகு உருவத்துக்கு 33 கிராம். பாதிக்குப் பாதி கலவையாக இருந்தால் அடர்த்தி சுமார் 12.2 ஆகிறது, அதே மெழுகுக்குச் சுமார் 25 கிராம்தான். ஊற்று புனலின் மெழுகையும் சேர்த்தே எடை பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் உலோகம் தலைக்கு எட்டாது. இது இன்று இந்த முறையைச் செய்து பார்ப்பவர்களுக்கான கணக்கு.

பொன்னில் செம்பு கலந்தது ஏமாற்றவா?

இல்லை. அது ஸ்பானியரின் குற்றச்சாட்டு. மாற்று குறைந்த பொன் அவர்களுக்குக் கெட்ட பொன். முயிஸ்காக்களுக்கு அப்படி இல்லை.

பொன் உருகுவது 1,064 டிகிரியில், செம்பு 1,085 டிகிரியில். இரண்டையும் எடையில் 80க்கு 20 என்று கலந்தால் சுமார் 910 டிகிரியிலேயே உருகிவிடும். ஊதுகுழலால் நெருப்பு வளர்க்கிறவர்களுக்கு இந்த 150 டிகிரி பெரிய உதவி. தும்பாகா என்று அழைக்கப்படும் இந்தக் கலவை வார்த்தபின் பொன்னைவிட உறுதியாகவும் நிற்கும். ஆனால் காரணம் அது மட்டுமல்ல. முயிஸ்கா உருவங்களில் ஏறக்குறைய முழுப் பொன்னும் உண்டு, ஏறக்குறைய முழுச் செம்பும் உண்டு. உருகுநிலை மட்டும் குறிக்கோளாக இருந்திருந்தால் எல்லாம் 80க்கு 20ஐச் சுற்றியே வந்திருக்கும். மஞ்சள், சிவப்பு என்ற நிற வேறுபாடும் அவர்களுக்குப் பொருள் தந்தது என்று கொள்வதே பொருத்தம்.

துன்ஹோக்கள் ஏன் இவ்வளவு கரடாக இருக்கின்றன? திறமைக் குறைவா?

இந்தக் கேள்வி எல்லாரும் கேட்பது. பாதத்தில் ஊற்று புனலின் எச்சம் அப்படியே நிற்கிறது. காற்றுக் குமிழ் மணிகள் நீக்கப்படவில்லை. விரிசலில் பாய்ந்த துடுப்புகள் வெட்டப்படவில்லை. பின்பக்கம் தேய்க்கப்படவே இல்லை. சிலவற்றில் அச்சின் மண்கூட இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அரை மில்லிமீட்டர் மெழுகு நூலால் கண் இமையும் மூக்கணியும் செய்யத் தெரிந்தவருக்கு ஒரு புனலை அறுத்தெடுக்கத் தெரியாதா? தெரியும். செய்யவில்லை. காரணம், இவை அணியவோ கண்டு மகிழவோ செய்தவை அல்ல. செய்த கையோடு மண்ணுக்கோ நீருக்கோ கொடுக்கப்பட்டவை. மரியா அலிசியா உரிபே, மார்கோஸ் மார்ட்டினோன்-டோரெஸ் ஆகிய ஆய்வாளர்கள் ஒரே காணிக்கையில் சேர்ந்து கிடைத்த உருவங்களை வேதியியல் முறையிலும் நுண்ணோக்கியிலும் ஆராய்ந்தார்கள். அவை அந்தக் காணிக்கைக்காகவே ஒன்றாகச் செய்யப்பட்டு, கையில் புழங்கிய தேய்மானம் ஏதுமின்றி, விரைவில் வைக்கப்பட்டவை என்று தெரிந்தது. மதிப்பு பளபளப்பில் இல்லை. மெழுகு உலோகமாக மாறிய அந்தச் செயலிலும், அதைக் கொடுத்ததிலும் இருந்தது. துன்ஹோவைக் கோணலான பொம்மை என்று எழுதுகிறவர்கள் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அப்படியானால் நேர்த்தியான அணிகலன்களே இல்லையா?

உண்டு. மூக்கணி, காதணி, மார்புத் தகடு, மணிமாலை எல்லாம் உண்டு. அவை தேய்த்து மெருகேற்றப்பட்டவை. ஹுன்சாவில் சாக்கேயின் வாசலில் தொங்கவிட்டிருந்த பொன் தகடுகள் காற்றில் ஒன்றோடொன்று மோதி ஒலித்ததை ஸ்பானியர் குறித்திருக்கிறார்கள்.

மாலைக்கு ஒரே அளவில் பல மணிகள் வேண்டுமென்றால் கல் அச்சுருவைப் பயன்படுத்தினார்கள். மென்மையான கறுப்பு நிறக் கல் துண்டின் பல முகங்களிலும் தவளை, மனிதன், பறவை என்று மேடாகச் செதுக்கியிருப்பார்கள். அதிலிருந்து மெழுகில் பிரதி எடுத்தால் ஒரே வடிவம் எத்தனை வேண்டுமானாலும் வரும். பிறகு ஒவ்வொரு மெழுகையும் தனித்தனியாக வார்ப்பார்கள்.

செம்பு மிகுந்த அணிக்குப் பொன் நிறம் கொடுக்க மேலே பொன் பூச வேண்டியதில்லை. அணியைச் சூடாக்கினால் மேற்பரப்பில் உள்ள செம்பு கறுத்துப் படலமாகும். புளிப்புச் சாறுள்ள செடியால் தேய்த்துக் கழுவினால் அந்தப் படலம் போய்விடும். பொன் அங்கேயே நிற்கும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மேலே பொன் செறிந்த மெல்லிய தோல் உருவாகும். அது துளைகள் நிறைந்து மங்கலாக இருக்கும் என்பதால் வழுவழுப்பான கல்லால் அழுத்தித் தேய்த்து மூட வேண்டும். அந்தத் தோல் மிக மெல்லியது. இன்று யாராவது சுத்தம் செய்கிறேன் என்று பாலிஷ் போட்டால் அடியில் இருக்கும் சிவப்பு வெளியே வந்துவிடும். பிறகு மீட்க முடியாது.

காணிக்கையை எப்படிச் செலுத்தினார்கள்?

ஹெக்கே என்று ஸ்பானியர் எழுதிய பூசாரிகள் வழியாக. பூசாரியாக ஆவதற்கே பல ஆண்டு நோன்பும் தனிமையும் உண்டு. வேண்டுதல் உள்ளவர் பூசாரியிடம் வருவார். பூசாரி நோன்பிருந்து, காணிக்கையை இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பார். ஏரி, குகை, பாறை இடுக்கு, வயல், கோயில் என்று இடங்கள் பல.

உருவங்களைப் பெரும்பாலும் ஒரு மண்பாண்டத்துக்குள் இட்டார்கள். காணிக்கைப் பாண்டம் சிறியது. சில மனித உருவில், உள்ளே குழிவாக இருக்கும். துன்ஹோக்களோடு மரகதமும் இருக்கும். ஆக, உப்பைக் காய்ச்சிய பானையால் வந்த பொன், இன்னொரு பானைக்குள் போய் மண்ணில் முடிந்தது.

பொன் தெப்பம் பற்றிச் சொல்லுங்கள்.

1969இல் பொகோட்டாவுக்குத் தென்மேற்கே பாஸ்கா என்ற ஊரில், ஒரு குகையில், மண்பாண்டத்துக்குள் உழவர்கள் கண்டெடுத்தது. நீளம் 19.5 செ.மீ., அகலம் 10.1 செ.மீ., உயரம் 10.2 செ.மீ., எடை 287.5 கிராம். பொன் 80 விழுக்காட்டுக்கு மேல். மீதி வெள்ளியும் செம்பும். தெப்பத்தின் நடுவே பெரிய உருவமாகத் தலைவன். அவனைச் சுற்றிச் சிறியவர்கள், ஓரத்தில் துடுப்புப் போடுகிறவர்கள், முன்னால் புலிமுகமூடி அணிந்து கிலுகிலுப்பை ஏந்திய இருவர். கதிரியக்கக் கரிமக் கணிப்பு 1295க்கும் 1410க்கும் இடைப்பட்ட காலத்தைத் தருகிறது.

இதே போல ஒரு தெப்பம் 1856இல் சியெச்சா ஏரியில் கிடைத்தது. ஜெர்மனிக்கு விற்கப்பட்டு, பிரேமன் துறைமுகத்தில் தீயில் அழிந்தது.

எல் டொராடோ உண்மையா?

பொன் நகரம் என்பது பொய். சடங்குக்கு ஆதாரம் உண்டு. 1636இல் எழுதிய ஹுவான் ரோத்ரிகெஸ் ஃப்ரெய்லே, குவாட்டாவிட்டா ஏரியில் புதிய தலைவன் உடலெங்கும் பொடிப்பொன் பூசித் தெப்பத்தில் சென்று காணிக்கை இட்டதை விவரிக்கிறார். பாஸ்கா தெப்பம் அந்த விவரிப்போடு நன்றாகப் பொருந்துகிறது.

ஏரியை வற்றவைக்கும் முயற்சிகள் பல. 1540களில் எர்னான் பெரெஸ் தே கெசாதா ஆள்களை வரிசையாக நிறுத்திக் குடுவையால் இறைத்தார். சுமார் 3 மீட்டர் இறங்கியது. 1580களில் அந்தோனியோ தே செபுல்வேதா கரையில் ஒரு வெட்டு வெட்டினார். நீர் சுமார் 20 மீட்டர் இறங்கியபின் வெட்டு சரிந்து வேலையாள்கள் பலர் இறந்தார்கள். அந்த வடு இன்றும் கரையில் தெரிகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் சுரங்கம் வெட்டி நீரை முழுதும் வடித்தது. அடியில் இருந்த சேறு வெயிலில் காய்ந்து சிமென்ட் போல இறுகிவிட்டது, தோண்ட முடியவில்லை. கொலம்பிய அரசு 1965இல் ஏரியைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது.

ஸ்பானியர் எடுத்த பொன் என்ன ஆனது?

உருக்கப்பட்டது. கோன்சாலோ ஹிமெனெஸ் தே கெசாதாவின் படை 1537 ஆகஸ்டில் ஹுன்சாவைக் கொள்ளையிட்டது. அதற்கு அடுத்த மாதம் சோகமோசோ சூரியக் கோயில் எரிந்தது. 1538இல் படைவீரர்களுக்குள் பங்கு பிரித்தபோது உயர்மாற்றுப் பொன் மட்டும் ஏறக்குறைய 1,91,000 பெசோ (ஸ்பானியர் பொன்னை அளந்த அலகு), மரகதம் 1,800க்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் அரசருக்கு. அணிகலன்கள் கட்டியாயின. இன்று நம் கண்முன் இருப்பவை பெரும்பாலும் அவர்கள் கைக்கு எட்டாமல் மண்ணுக்குள் இருந்தவை. காணிக்கைகள் இவ்வளவு அதிகமாகவும், தலைவர்கள் அணிந்தவை குறைவாகவும் நம்மிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முயிஸ்காக்கள் அழிந்துவிடவில்லை. அவர்கள் மொழி 18ஆம் நூற்றாண்டில் பேச்சிலிருந்து மறைந்தது. ஆனால் சுபா, போசா, கோத்தா, சியா, செஸ்கிலே ஆகிய இடங்களில் முயிஸ்கா சமூக அவைகள் இன்றும் இயங்குகின்றன.

போலித் துன்ஹோவை எப்படிக் கண்டுபிடிப்பது?

உருப்பெருக்கிக் கண்ணாடியில் கம்பி சேரும் இடத்தைப் பாருங்கள். அசலில் நூலும் தகடும் குழைந்து ஒன்றாகி இருக்கும். போலியில் பற்றாசுக் கோடு தெரியலாம். கம்பியின் தடிமன் எங்கும் ஒரே சீராக, நீளவாக்கில் கீறல் கோடுகளோடு இருந்தால் அது இழுத்துச் செய்த நவீனக் கம்பி. மெழுகு நூல் கையால் உருட்டியது. சற்றே கூடிக் குறையும். எக்ஸ் கதிர் ஆய்வில் துத்தநாகம் கணிசமாகவோ, காட்மியமோ நிக்கலோ வந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லாப் பிசிறும் நீக்கப்பட்டு மிகச் சுத்தமாக இருப்பதும் ஐயத்துக்குரியது.

அசல் என்றாலும் வாங்கக் கூடாது. கொலம்பியச் சட்டப்படி தொல்பொருள்கள் நாட்டின் சொத்து. விற்கவோ வெளியே கொண்டுபோகவோ முடியாது.

எங்கே பார்க்கலாம்?

பொகோட்டாவில் கொலம்பிய மத்திய வங்கி நடத்தும் பொன் அருங்காட்சியகம் 1939இல் தொடங்கியது. பாஸ்கா தெப்பம் அங்கேதான் இருக்கிறது. பானைகளுக்கு அதே நகரில் மார்க்கேஸ் தே சான் ஹோர்ஹே மாளிகையில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகம். சோகமோசோ தொல்லியல் அருங்காட்சியகமும் உண்டு. துன்ஹோவைப் பார்க்கும்போது முகத்தைவிடப் பாதத்தை முதலில் பாருங்கள். ஊற்று புனலின் எச்சம் அங்கே இருக்கும்.

மூடிய காணிக்கைப் பாண்டம் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

திறக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு கொலம்பிய மானிடவியல், வரலாற்று நிறுவனத்துக்குச் (ICANH) சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பாண்டத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு கட்டியாக எடுத்துவந்து, உள்ளே உருவங்கள் எந்த அடுக்கில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர் படத்தில் பதிவுசெய்த பிறகே காலி செய்வார்கள். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாமல் சலித்து வைப்பார்கள். மகரந்தமும் நாரும் அதில்தான் கிடைக்கும். உருவத்தின் இடுக்கில் ஒட்டிய கருமண்ணைச் சுரண்டக் கூடாது. அது அச்சின் மிச்சமாக இருந்தால் அதிலுள்ள கரித்தூளைக் கொண்டு வார்த்த காலத்தைக் கணிக்க முடியும். பொன்னைக் கொண்டு அதைக் கணிக்க முடியாது.

பாண்டத்தை அப்படியே உலரவிடுவதும் தவறு. மண்ணிலிருந்து அது உறிஞ்சிய உப்புகள் உலரும்போது படிகமாகி மேற்பூச்சையும் வண்ணத்தையும் பெயர்த்துவிடும். முதலில் ஈரம் காத்து, பிறகு வாலைவடிநீரில் ஊறவைத்து, நீரின் மின்கடத்தும் அளவு குறைந்து நிலைபெறும் வரை நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வண்ணம் தளர்ந்திருந்தால் ஊறவைப்பதற்கு முன்பே அதை நிலைப்படுத்த வேண்டும். பாண்டத்துக்கும் உள்ளிருந்த உருவங்களுக்கும் ஒரே தொகுதி எண் கொடுத்து ஒரே இடத்தில் வைக்க வேண்டும். பழைய சேகரிப்புகளில் பொன் ஒரு பெட்டகத்துக்கும் பானை குப்பைக்கும் போனதால், எந்த உருவம் எதோடு சேர்ந்து இருந்தது என்ற கேள்விக்குப் பல தொகுதிகளில் இனி விடை காண வழியில்லை.